நானூற்றுப் பதின்மூன்றாவது ஆள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு அழைப்பு மணி அடித்தது. எழுத்தாளர் சமையலறையில் கையில் ஒரு ரொட்டித் துண்டோடு நின்றிருந்தார். இனிமேல்தான் சாப்பிடப் போகிறோமா, சாப்பிட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தோமா என்பது நினைவில் இல்லை. அதைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார்.

தெருமுனை மருந்துக்கடைக்காரர். பதினைந்து வருடமாக இந்த வீட்டுக்கு மாத்திரை கொடுத்தவர். கடையில் வெள்ளை மேலங்கியில்தான் அவரைப் பார்த்துப் பழக்கம். இன்று கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். அதில் ஆள் பாதியாகத் தெரிந்தார். கக்கத்தில் ஒரு கோப்பு.

“நான் எதுவும் சொல்லி அனுப்பலையே,” என்றார் எழுத்தாளர்.

“மருந்து விஷயம் இல்ல சார். உள்ள வரலாமா?”

சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். ஜன்னலோரத்தில் இருப்பது மனைவியுடையது. அவள் இறந்து பதினொரு வாரம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் தெரியாமல் அதில்தான் போய் உட்கார்ந்தார்கள், வெளிச்சமான இடம். மருந்துக்கடைக்காரர் அதைத் தாண்டிப் போய் அடுத்ததில் உட்கார்ந்தார். எழுத்தாளர் அதைக் கவனித்தார். கவனித்ததோடு சரி. பதினொரு வாரமாக அப்படித்தான். எல்லாம் கண்ணில் பட்டது, எதுவும் உள்ளே இறங்கவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு தாடையோடு நிற்காமல் உடம்பு முழுக்கப் பரவிவிட்டதுபோல. கையைக் கிள்ளினால் கிள்ளுவது தெரிந்தது. வலி வேறு யாருடையதோ.

“டீ போடட்டுமா?”

“வேணாம் சார். நீங்க போட்டா சர்க்கரை டப்பாவைத் தேடணும்.”

உண்மைதான். அது இவருக்கு எப்படித் தெரியும் என்று எழுத்தாளர் யோசிக்கவில்லை.

“எங்க ஞாயித்துக்கிழமை கூட்டம் தெரியும்ல சார்? டயர் கடை மாடியில, நகராட்சி மண்டபத்துல?”

அரைகுறையாகத் தெரியும். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு கடிதம் வந்தது. உங்கள் நாவலில் வருகிறபடி நாங்களும் வாரம் ஒருமுறை கூடுகிறோம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். வாசகர் வட்டம் போலிருக்கிறது என்று நினைத்து, வாழ்த்துகள் என்று ஒரு வரி எழுதிப் போட்டார். அதைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்களாம். மருந்துக்கடைக்காரர் இப்போதுதான் சொன்னார்.

அந்த நாவலை அவர் முப்பத்தொரு வயதில் எழுதினார். ஒரு கப்பல் விண்வெளியில் முந்நூறு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். மாலையில் விளக்குகள் மங்கியதும் ஒருவர் அறை அறையாகப் போய் அழைக்கிறார். உள்ளே இருப்பவர்கள் பெயரைச் சொல்வதில்லை, வேலையைச் சொல்கிறார்கள். விளக்கு. தண்ணீர். தையல். கதவு. யாராவது இறந்துபோனால், குழந்தை ஒன்று வளர்ந்து அந்த வேலைக்கு வரும்வரை, பக்கத்து அறைக்காரர் இறந்தவருக்கும் சேர்த்துக் குரல் கொடுக்கிறார். அதனால் எண்ணிக்கை குறைவதே இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு என்று அழைத்தவர் முடிப்பார். எல்லாரும் தலை குனிவார்கள்.

அவர் அதைக் கிண்டலாகத்தான் எழுதினார். அந்த எண்ணிக்கை முதலில் மூச்சுக்காற்றைப் பங்கிடுவதற்காக ஏற்பட்டது. நூறு வருடத்தில் காரணம் மறந்துபோய்த் தலைகுனிவு மட்டும் மிஞ்சியது. கையேடு தொலைந்த இயந்திரம்தான் மதம் என்று கடைசி அத்தியாயத்தில் ஒரு பொறியாளர் சொல்கிறாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் முப்பது வருடம் மேடை ஏறினார். அறிவியல் மன்றங்களில், கல்லூரிகளில், ஒருமுறை ஒரு வழிபாட்டுக் கூடத்தின் ஆண்டு விழாவில்கூட. அங்கேதான் அதிகமாகக் கைதட்டினார்கள்.

வாசகர்களில் ஓர் அறுபது பேர் கிண்டலை அவரிடமே விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

“இப்ப ஒரு சிக்கல் சார்,” என்றார் மருந்துக்கடைக்காரர். “போன வருஷம் நாலு காலேஜ் பசங்க தூக்கத்தையே மதம்னு பதிவு பண்ணிட்டு, திங்கட்கிழமை எங்களுக்குப் புனித நாள், லீவு குடுங்கன்னு கேட்டிருக்காங்க. அதுலேர்ந்து பதிவாளர் ஆபீஸ்ல உஷாராயிட்டாங்க. பதிவில்லாத கூட்டத்துக்கு நகராட்சி மண்டபம் கிடையாது. பதிவு பண்ணணும்னா நிஜமான நம்பிக்கைன்னு காட்டணும்.”

படிவத்தை மேசையில் விரித்து ஏழாவது கேள்வியில் விரலை வைத்தார்.

இக்கோட்பாட்டைத் தோற்றுவித்தவர் இதை உண்மையென நம்புகிறாரா? அவர் உயிருடன் இருப்பின் நேரில் வந்து கூற வேண்டும். இல்லாதபட்சத்தில், அவர் இதைக் கடைப்பிடித்ததற்கான சான்றை இணைக்க வேண்டும்.

எழுத்தாளர் இரண்டு முறை படித்தார். “அப்ப நான் செத்திருந்தா உங்களுக்கு வசதி.”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சார்.” கொஞ்சம் பொறுத்து, “கொஞ்சம் வசதிதான்,” என்றார்.

“நான் நம்பலையே.”

“தெரியும் சார்.”

“பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“நீங்க என்ன சொன்னாலும் சரி. ஆனா வந்து சொல்லணும். வராம விட்டாலே தள்ளுபடி.”

“மண்டபம் போனா என்ன? யார் வீட்லயாவது கூடுங்களேன்.”

“அறுபது பேர் சார். எவ்வளவு நெருக்கி உக்காந்தாலும் எந்த வீடு தாங்கும்? வீட்ல இருக்கறவங்க, போனவங்க எல்லாரையும் சொல்றோம். முடியறதுக்கு ஒரு மணி நேரம் ஆகுது. பேக்கரிக்காரம்மா வீட்டுக்கு மட்டும் பதினொண்ணு. அதுல எட்டு பேர் இப்ப இல்ல. வாரம் பூரா மாவு பிசையறதே இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்னு சொல்வாங்க.” கோப்பின் நூலைச் சுற்றினார், அவிழ்த்தார். “உங்க வீட்டு அம்மாவையும் சொல்றோம் சார். பதினொரு வாரமா. பிழைதிருத்தம்னு. நான்தான் குரல் குடுக்கறேன்.”

எழுத்தாளர் மேசையில் கிடந்த ரொட்டித் துகளை விரலால் ஒற்றி எடுத்தார். துகள் விரலில் ஒட்டியிருந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியவில்லை.

“அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது,” என்றார்.

மருந்துக்கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு படிவத்தை மடித்து உள்ளே வைத்தார்.

“அந்தக் கூடுதல் ஆளைப் பத்தியும் கேப்பாங்க சார். ஒன்பதாவது அத்தியாயத்துல நானூத்துப் பதிமூணுன்னு வருதே. அடுத்த நாள் பழையபடி பன்னிரண்டு. நாங்க அந்த ஆளுக்கு ஒரு நாற்காலி காலியா விடறோம். எங்களுக்கு அதுதான் எல்லாமே.”

“அது பிழைங்க.”

“நீங்க மேடையில அப்படித்தான் சொல்வீங்க.”

சொல்வார். எல்லா மேடையிலும் சொல்வார். நானூற்றுப் பன்னிரண்டு பேரை நான் கணக்குப் பார்த்து ஏற்றினேன், பிழை திருத்துகிறேன் பேர்வழி என்று என் மனைவி டிக்கெட் இல்லாமல் ஒருத்தரை ஏற்றிவிட்டாள். கூட்டம் சிரிக்கும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவளைத் திரும்பிப் பார்க்கும். அவளும் சிரிப்பாள். சிரித்தாள் என்றுதான் நினைவு.

“ஏழு பதிப்பு வந்திருக்கு. ஒண்ணுலயாவது திருத்தியிருக்கலாமே சார்?”

“ஒவ்வொரு தடவையும் சொன்னேன். இருக்கட்டும்னா.”

“வியாழக்கிழமை பதினோரு மணி சார்,” என்று மருந்துக்கடைக்காரர் எழுந்தார். “ரெண்டாவது மாடி. லிஃப்ட் இருக்கு, ஆனா ஓடாது.”

*

மனைவியின் மேசை அடுத்த அறையில் இருந்தது. இரும்பு அளவுகோல், இரண்டு பென்சில், அவற்றைச் சீவ ஒரு ஷார்ப்னர். அச்சகம் ஒன்றில் இருபது வருடம் பிழை திருத்தியவள். இவருடைய இருபத்திரண்டு புத்தகங்களும் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போயின.

அவள் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவாள். கதை ஓட்டம் இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிப்பாள். வரிக்குக் கீழே அளவுகோல். ஒரு பக்கம் சுத்தமானதும் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி, மூலையில் தேதி. எழுத்தை மனதுக்குள் படிப்பாள். எண் வந்தால் மட்டும் வாய்விட்டுச் சொல்லுவாள். முப்பத்தெட்டு வருடமாக இவர் இந்தப் பக்கத்து அறையில் எழுதிக்கொண்டிருக்க, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எண்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. பதினேழு. ஆயிரத்து அறுநூறு. நானூற்றுப் பன்னிரண்டு. அவர் புத்தகங்களைப் பற்றி வெளியாள் யாரும் சொல்லாத அபிப்பிராயம்போல.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் மேசை காலியாக இருக்கும். நடக்கப் போவாள். மழையிலும் போவாள். முட்டிவலி வந்த பிறகும் போனாள்.

அவள் படுக்கையில் கிடந்தது மூன்றே நாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய். சடங்கு எதுவும் வேண்டாம், உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுத்தாளர் இருவருக்கும் சேர்த்து எப்போதோ எழுதி வைத்திருந்தார். அவள் படித்துப் பார்த்து, ஓர் இடத்தில் காற்புள்ளியைத் திருத்திக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதன்படியே நடந்தது. வேன் வந்தது. இரண்டு படிவத்தில் கையெழுத்து. எல்லாம் பன்னிரண்டு நிமிடம். அதன்பிறகு செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

செய்வதற்கு எதுவும் இல்லாமல் போகும் என்பதை அவர் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. எத்தனையோ கிரகங்களில் எத்தனையோ மனிதர்களைக் கொன்றிருக்கிறார். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு சடங்கு கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். நீரில் விடுவார்கள், கல் அடுக்குவார்கள், மூன்று சூரியன் மறையும்வரை பேசமாட்டார்கள். அறிவு வளர்ந்த இனங்கள் எதுவும் செய்யமாட்டா. அந்த இனங்களின் வீட்டில் மறுநாள் காலை என்ன நடக்கும் என்று அவர் எழுதியதில்லை. இப்போது தெரிந்தது. ஃபிரிட்ஜ் சத்தம் போடும். தபால் வரும்.

அழவும் இல்லை. அழ வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதற்கும் ஏதாவது வேண்டும்போல.

*

புதன்கிழமை மாலை மகள் வந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வாரம் இரண்டு முறை டப்பாக்களில் சாப்பாடு கொண்டுவந்து ஃபிரிட்ஜில் அடுக்குவாள். பழைய டப்பா ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து பார்த்து மறுபடி மூடினாள்.

“போன புதன்கிழமை வெச்சது. அப்படியே இருக்கு. இதுல இப்ப ஒரு நாகரிகமே உருவாயிருக்கும். எழுதுங்க, இருபத்திமூணாவது புத்தகம்.”

“பசிக்கல.”

“பசிக்கலைன்னா யாருக்குப்பா சமைக்கறேன்? எனக்கென்ன வேற வேலை இல்லையா?” டப்பாவைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தாள்.

அவர் படிவத்தைப் பற்றிச் சொன்னார். அவள் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாள்.

“கடைசியில சாமியார் ஆயிட்டீங்க. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு. தாடிதான் பாக்கி.”

“ஷேவ் பண்ணி நாலு நாள் ஆச்சு.”

“அப்ப பாதி வழி வந்தாச்சு. என்ன சொல்லப் போறீங்க?”

“உண்மையை. அது கதை. கிண்டலா எழுதினேன். நம்பறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. நானூத்துப் பதிமூணு உங்க அம்மா விட்ட பிழை.”

குழாய் நின்றது.

“அம்மா எண்ல தப்பு விடமாட்டாங்க,” என்றாள் மகள்.

“ஒரு தடவை விட்டா.”

“நீங்க பாத்தீங்களா?”

“எதை?”

“அந்தப் பக்கத்தை. தட்டச்சுப் பிரதியில.”

பார்த்ததில்லை. முப்பத்தாறு வருடத்தில் ஒருமுறைகூடப் பார்க்கத் தோன்றவில்லை. நகைச்சுவை நன்றாக வேலை செய்தது. அதை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

மகள் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். அலமாரியின் மேல்தட்டில் புத்தகத்துக்கு ஒன்றாக இருபத்திரண்டு அட்டைப்பெட்டிகள். மூன்றாவது பெட்டியை இறக்கினாள். தூசி இல்லை. ஒன்பதாவது அத்தியாயத்தைத் தேடி எடுத்து அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

நானூற்றுப் பன்னிரண்டு என்று அவர் தட்டச்சு செய்திருந்தார். அதன்மேல் பென்சில் கோடு, அளவுகோல் வைத்துப் போட்டது. ஓரத்தில் அவள் கையெழுத்தில் நானூற்றுப் பதின்மூன்று. அவசரம் இல்லாத எழுத்து. பக்கத்தின் அடியில் புள்ளி. எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்கான புள்ளி. மூலையில் தேதி.

தேதியை அவர் அறிவார். அதற்கு மூன்று நாள் முன்னால் அவர் வேறொரு நகரத்தில் அறிவியலும் மூடநம்பிக்கையும் என்று பேசிக்கொண்டிருந்தார். தகவல் சொல்ல அன்று கைபேசி இல்லை. திரும்பி வந்தபோது அவள் மேசையில் உட்கார்ந்து இந்தப் பிரதியைத் திருத்திக்கொண்டிருந்தாள். வயிறு முன்புபோல் இல்லை. என்ன என்று கேட்டார். முடிஞ்சுபோச்சு என்றாள். அவர் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை டப்பாவை அன்றைக்கும் அவளிடம்தான் கேட்டார். பிறகு அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் பக்குவம் என்று அவர் நினைத்திருந்தார். அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்றும்.

“எனக்கு முன்னாடி ஒண்ணு இருந்ததுன்னு அம்மா சொல்லியிருக்காங்க,” என்றாள் மகள். “அஞ்சு மாசம்.”

“எப்ப சொன்னா?”

“எனக்கும் கரு நிக்காம போனப்ப.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “உனக்கா? எப்ப?”

“ஆறு வருஷம் ஆச்சுப்பா. நீங்க ஏதோ மாநாட்டுல இருந்தீங்க.”

குற்றம் சாட்டும் குரல் இல்லை. பரிசோதனை முடிவைப் படித்துச் சொல்லும் குரல்.

மூன்றாவது வரிசை அவர் கண்முன் வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். டிக்கெட் இல்லாமல் ஏற்றிவிட்டாள். எத்தனை மேடை. வருடத்துக்குப் பத்து என்று வைத்தாலும் முந்நூறு. இப்போது ஏதாவது வரும் என்று அவர் காத்திருந்தார். மகளும் காத்திருப்பதுபோல் இருந்தது. எதுவும் வரவில்லை. ஃபிரிட்ஜ் ஒருமுறை உறுமிவிட்டு நின்றது.

“சாப்பிடுங்க,” என்றாள் மகள். “நாளைக்குப் போய்ப் பேசணும்ல.”

சாப்பிட்டார். உப்பு இருந்ததா என்று அவள் கேட்டபோது தெரியவில்லை என்றார்.

*

வியாழக்கிழமை லிஃப்ட் ஓடவில்லை. இரண்டாவது மாடியில் மருந்துக்கடைக்காரர் காத்திருந்தார். கடையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும்; வெள்ளை மேலங்கியில் ஆள் பழையபடி முழுதாகிவிட்டிருந்தார். மடியில் துணி சுற்றிய ஒரு பெரிய பேரேடு. எழுத்தாளர் கையில் ஒரு உறை, அதற்குள் ஒரே ஒரு தாள்.

“உங்க கடையை யாரு பாத்துக்கறா?”

“பூட்டிட்டு வந்துட்டேன் சார். தலைவலிக்காரங்க எல்லாம் கதவு முன்னாடி நிப்பாங்க.” சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. “என்ன சொல்லணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

“உண்மையைத்தான்.”

மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார். பேரேட்டின் துணியைச் சரிசெய்தார்.

பதிவாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. மேசையில் ஒரு கணினி, ஒரு பிளாஸ்க், நாலு கட்டுக் கோப்பு. மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

“தோற்றுவித்தவர் யாரு?”

மருந்துக்கடைக்காரர் கை காட்டினார்.

“ஓ, நீங்களா. உங்க புத்தகத்தைப் படிச்சுட்டுதான் என் பையன் கணக்கை விட்டுட்டு நட்சத்திரம் பாக்கப் போறேன்னு நிக்கறான். உங்களைப் பாத்தா நாலு வார்த்தை கேக்கணும்னு இருந்தேன். போகட்டும். உக்காருங்க.” படிவத்தைப் புரட்டினார். “மத்ததெல்லாம் சரியா இருக்கு. ஏழாவது கேள்வி. இது உண்மைன்னு நீங்க நம்பறீங்களா?”

“இல்ல.”

மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். பதிவாளரின் கை மவுஸுக்குப் போனது.

“இல்லைன்னா தள்ளுபடிதான். வேற வழியில்ல.”

“கொஞ்சம் இருங்க,” என்றார் எழுத்தாளர். உறையிலிருந்து தாளை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். குரல் மேடைக் குரலாக வந்துவிடுமோ என்று பார்த்தார், வரவில்லை. “இந்தக் கேள்வியை என்னைக் கேக்கக் கூடாது. கப்பல் நான் எழுதினது. பன்னிரண்டு வரைக்கும் என்னோடது. அது காத்தைப் பங்கு போடற கணக்கு, அதை யாரும் நம்ப வேண்டிய அவசியமே இல்ல. ஆனா இவங்க நாற்காலி போடறது பதிமூணாவது ஆளுக்கு. அது நான் எழுதினது இல்ல.”

“பின்ன யாரு?”

“என் மனைவி. இது அவ கையெழுத்து.”

பதிவாளர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “பிழைன்னு இல்ல கேள்விப்பட்டேன்? நீங்களே பேசி ஒரு வீடியோ இருக்கு. பையன் போட்டுக் காட்டினான்.”

“தப்பாச் சொல்லியிருக்கேன்.”

“எத்தனை நாளா?”

“முப்பது வருஷமா.”

பதிவாளர் தாளைக் கீழே வைத்தார். “அவங்களைக் கூட்டிட்டு வர முடியுமா?”

“இறந்துட்டா.”

“அப்ப அவங்க இதைக் கடைப்பிடிச்சதுக்குச் சான்று வேணும்.” தாளை அவர் பக்கமே தள்ளினார். “இது ஒரு எண்ணைத் திருத்தினதுக்குத்தான் சான்று. கடைப்பிடிச்சதுக்கு இல்ல.”

எழுத்தாளரிடம் வேறு எதுவும் இல்லை. இரவெல்லாம் யோசித்தது இவ்வளவுதான். தாளை மடிக்கலாமா என்று யோசித்தார். மடித்தால் பென்சில் எழுத்து அழியக்கூடும். அப்படியே விட்டார்.

“சான்று இருக்கு மேடம்,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

பேரேட்டின் துணியை அவிழ்த்தார். எழுத்தாளரைப் பார்க்காமல் பேசினார். “உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அம்மா சொல்லியிருந்தாங்க சார். அவர் காதுக்குப் போனா மேடையில பேசிடுவாருன்னு. நாலு வருஷம். முதல் வாரத்துலேர்ந்து. கடைசி ஞாயிறு வரைக்கும் ஒண்ணு விடல. வருகை எல்லாம் இதுல இருக்கு.”

பதிவாளர் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் அதே சிறிய கையெழுத்து. மழை பெய்த ஞாயிறுகள், முட்டி வலித்த ஞாயிறுகள். ஒவ்வொரு ஞாயிறும் அவள் பத்தரை மணிக்கு வீடு திரும்பி, குடையை விரித்துக் குளியலறையில் வைத்துவிட்டு, நடந்துவிட்டு வந்தவரை நல்லா நடந்தீங்களா என்று கேட்பதுபோல், இவரை நல்லா எழுதினீங்களா என்று கேட்பாள். அவர் எழுதியதைச் சொல்லுவார். நடந்ததைப் பற்றி அவர் கேட்டதாக நினைவில்லை.

“சரி,” என்றார் பதிவாளர். “இது போதும். தோற்றுவித்தவர்னு அவங்களைப் போட்டுக்கறேன். அவங்க குடும்பத்துல யார் யார், என்ன வேலைன்னு இதுல இருக்கா? அதையும் அப்படியே கணினியில ஏத்தணும்.”

மருந்துக்கடைக்காரர் பேரேட்டின் பின்பகுதியைத் திருப்பினார். குடும்பத்துக்கு ஒரு பக்கம். பேக்கரிக்காரம்மாவின் பக்கம் நிரம்பி வழிந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் நான்கே வரிகள். எழுத்தாளர் தலைகீழாகவே படித்தார். அவள் மேசைக்கு எதிரில் நின்று பார்த்துப் பழகியதில் அது வரும்.

ஒன்று, கதை. இரண்டு, பிழைதிருத்தம். மூன்று, ரத்தப் பரிசோதனை. நான்கு என்று போட்டு, அதற்கு எதிரில் எழுத்து எதுவும் இல்லை. பென்சிலால் ஒரு புள்ளி.

“அம்மா மூணு வரைக்கும் சத்தமாச் சொல்வாங்க,” என்றார் மருந்துக்கடைக்காரர், யாரிடம் என்றில்லாமல். “நாலுக்குக் கொஞ்சம் நிறுத்துவாங்க. நாங்களும் நிறுத்துவோம். அப்புறம் அடுத்த வீடு.”

பதிவாளர் ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தட்டினார். மூன்றாவது வரிக்குப் பிறகு கை நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பேரேட்டின் மேல் குனிந்தார்.

“இது என்ன, மை சொட்டினதா?”

“புள்ளி,” என்றார் எழுத்தாளர். “அவ போட்டதுதான்.”

பதிவாளர் புள்ளியைத் தட்டிப் பார்த்தார். திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. அழித்தார். காலியாக விட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தார். மறுபடியும் சிவப்பு. பிளாஸ்கைத் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பி எழுத்தாளரைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரரும் பார்த்தார். எழுத்தாளரின் கை மேசை விளிம்பில் இருந்தது. விரல் நுனியில் மரத்தின் சொரசொரப்பு தெரிந்தது. ஒரு சிராய் குத்தியிருக்க வேண்டும், வலித்தது.

“புள்ளியை எடுக்க மாட்டேங்குது, காலியாவும் விடமாட்டேங்குது. இந்த ஒரு கட்டம்தான் பாக்கி. சொல்லுங்க சார், நாலாவது ஆளுக்கு என்ன வேலைன்னு போடட்டும்?”